சிவப்பு மண்டபமும் வெள்ளை மாளிகையும்



சென்னை சென்ட்ரல் ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்து பூந்தமல்லி நெடுஞ்சாலையில் மேற்கே நடந்தால், புறநகர் ரயில் நிலையத்தை அடுத்து ஒரு சிவப்புக் கட்டடம், அதை அடுத்து ஒரு வெள்ளைக் கட்டடம். வெள்ளையாக இருப்பது ரிப்பன் மாளிகை, மாநகராட்சி அலுவலகம். ஆட்டோக்காரரிடம் சொன்னால் கேள்வி கேட்காமல் கொண்டுவிடுவார். சிவப்பாக இருப்பது விக்டோரியா பப்ளிக் ஹால். அந்தப் பெயரைச் சொன்னால், "எழும்பூர் மியூசியத்துக்குள்ள இருக்குதே, அதுவா சார்?" என்று திருப்பிக் கேட்பார். அவர்மேல் தப்பில்லை. எழும்பூரில் இருப்பது விக்டோரியா நினைவு மண்டபம், ஹென்றி இர்வின் வடிவமைத்தது, ராணி இறந்த பிறகு கட்டியது. ஒரே ராணியின் பெயரில் ஒரே ஊரில் இரண்டு சிவப்புக் கட்டடங்கள் வைத்தவர்களைத்தான் குறை சொல்ல வேண்டும். நான் இன்று பேசப்போவது பழைய விக்டோரியாவைப் பற்றி. கட்டத் திட்டமிட்டபோது அதற்கு ராணியின் பெயர் கிடையாது. டவுன் ஹால் என்றுதான் சொன்னார்கள்.

டவுன் ஹால் என்பது இங்கிலாந்தில் ஒரே கூரைக்கு அடியில் இரண்டு வேலை செய்கிற கட்டடம். நகரசபையின் அலுவலகமும் அங்கே இருக்கும். ஊர் மக்கள் கூடிப் பேசவும் பாட்டுக் கேட்கவும் பெரிய கூடமும் அங்கே இருக்கும். மான்செஸ்டரிலும் லீட்ஸிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆலை முதலாளிகள் போட்டி போட்டுக்கொண்டு கட்டியவை அப்படிப்பட்டவை. சென்னையில் அந்த இரண்டு வேலைகளும் பிரிந்துபோய் இரண்டு கட்டடங்களாக, பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. கூடம் முதலில் வந்தது, அதுவும் நன்கொடையில். அலுவலகம் இருபது, இருபத்தைந்து ஆண்டு கழித்து வந்தது, வரிப்பணத்தில். இந்தப் பிரிவுதான் இரண்டின் தலையெழுத்தையும் தீர்மானித்தது என்பது என் கருத்து.

கல்கத்தாவுக்கு 1813இலேயே டவுன் ஹால் வந்துவிட்டது. லாட்டரி நடத்திச் சேர்த்த பணத்தில் கர்னல் ஜான் கார்ஸ்டின் கட்டியது. பம்பாயின் டவுன் ஹால் 1833இல் முடிந்தது. ஆசியச் சங்கத்தின் நூலகம் இன்றும் அதில்தான் இயங்குகிறது. சென்னை மாநகராட்சியோ 1688இல் தொடங்கியதைக் காட்டி இந்தியாவிலேயே மூத்தவன் நான் என்று மார்தட்டும். ஆனால் 1880கள் வரைக்கும் ஊருக்கென்று ஒரு கூடம் கிடையாது. இன்று ராஜாஜி மண்டபம் என்கிறோமே, அந்த விருந்து மண்டபம் கவர்னருடையது. அழைப்பிதழ் வந்தவர்களுக்கு மட்டுமே அதன் கதவு திறந்தது. ஊர்க்காரர்கள் ஒரு கூட்டம் போட வேண்டுமானால் ஜார்ஜ் டவுனில் பச்சையப்பன் மண்டபத்துக்குப் போக வேண்டும்.

பச்சையப்பன் மண்டபத்தைப் பற்றி இந்த அறக்கட்டளை மேடையில் ஒரு வார்த்தை சொல்லாமல் நகர முடியாது, ஏனென்றால் அது அறக்கட்டளை பெற்ற பிள்ளை. பச்சையப்ப முதலியார் 1794இல் காலமானார். கோயில் கைங்கரியத்துக்கும் தருமத்துக்கும் அவர் எழுதிவைத்த சொத்து பல ஆண்டுகள் வழக்கில் கிடந்தது. கடைசியில் நீதிமன்றம் மீட்டுக் கொடுத்த பணத்தில்தான் பள்ளியும், பிறகு கல்லூரியும் வந்தன. 1850இல் கிரேக்கக் கோயில் மாதிரியில் தூண்கள் வைத்த அந்த மண்டபமும் வந்தது. முதலைத் தொடாமல் வட்டியில் வாழ்கிற ஏற்பாடு. தென்னாப்பிரிக்க இந்தியர்களின் கஷ்டத்தைச் சொல்ல 1896 அக்டோபரில் சென்னைக்கு வந்த வக்கீல் காந்தி பேசியதும் அங்கேதான்.

1882 மார்ச்சில் அதே பச்சையப்பன் மண்டபத்தில் நகரப் பிரமுகர்கள் கூடி, ஊருக்கு ஒரு டவுன் ஹால் வேண்டும் என்று முடிவு செய்தார்கள். ஒரு குழுவும் அமைத்தார்கள். அந்த ஆண்டை நினைவில் வையுங்கள். இரண்டு மாதம் கழித்து, 1882 மே மாதம், வைஸ்ராய் ரிப்பன் பிரபு தல சுயாட்சித் தீர்மானத்தை வெளியிட்டார். நகரசபைகளில் ஊர்க்காரர்கள் தேர்தலில் நின்று வந்து உட்காரலாம் என்ற பேச்சு அப்போதுதான் சூடுபிடித்தது. கூடிப் பேச இடம் கேட்டவர்களும் உட்கார நாற்காலி கேட்டவர்களும் ஏறக்குறைய ஒரே ஆட்கள்தாம்: வக்கீல்கள், துபாஷ் குடும்பத்து வணிகர்கள், பத்திரிகைக்காரர்கள், பட்டதாரிகள்.

சமஸ்தான அரசர்களும் ஜமீன்தார்களும் பணம் கொடுத்தார்கள். விஜயநகரம் மகாராஜா ஆனந்த கஜபதி ராஜு 1883 டிசம்பர் 17 அன்று அடிக்கல் நாட்டினார். இது விசாகப்பட்டினத்துப் பக்கத்து விஜயநகரம். ஹம்பியைத் தேடிப் போய்விடாதீர்கள். மாநகராட்சி பீப்பிள்ஸ் பார்க்கில் 57 கிரவுண்டு நிலத்தை 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்டது. கிரவுண்டுக்கு எட்டணா. மொத்தம் 28 ரூபாய் 8 அணா. மூன்று ஏக்கர் சொச்சம் நிலம். இன்றைக்கு அந்த இடத்தின் மதிப்பைக் கேட்டால் ரியல் எஸ்டேட்காரருக்கே நாக்கு உலரும்.

அடிக்கல் நாட்டியதும் கட்டடம் எழுந்துவிடவில்லை. நம் ஊர் வழக்கப்படி சில ஆண்டுகள் கல் மட்டும் இருந்தது. 1887இல் ராணி விக்டோரியா அரியணை ஏறிய பொன்விழா வந்தது. நாடெங்கும் ராணி பெயரில் ஏதாவது கட்டியாக வேண்டிய காலம். டவுன் ஹாலுக்கு அவர் பெயர் வந்தது அந்த அலையில்தான். 1888க்கும் 1890க்கும் இடையில் நம்பெருமாள் செட்டியார் கட்டி முடித்தார். அப்போது கவர்னர் கன்னிமாரா பிரபு.

கட்டியவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தாட்டிகொண்டா நம்பெருமாள் செட்டியார் அந்தக் காலச் சென்னையின் சிவப்பு நிறத்துக்கே பாதிப் பொறுப்பாளி. உயர் நீதிமன்றம், கன்னிமாரா நூலகம், முதலில் சொன்ன எழும்பூர் நினைவு மண்டபம், எல்லாம் அவர் கைவேலை. சேத்துப்பட்டில் வீடு வீடாக வாங்கிப் போட்டிருந்தார். கணித மேதை ராமானுஜன் 1920இல் கண்மூடியது அவருக்குச் சொந்தமான ஒரு வீட்டில்தான். வரைபடம் போட்டவர் பெயர் கல்வெட்டில் இருக்கும். செங்கல்லைத் தட்டிப் பார்த்து இது ஆகும், இது ஆகாது என்று ஒதுக்கியவர் பெயரைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது.

வரைபடம் போட்டவர் ராபர்ட் சிஷோம். 1860களில் மாநிலக் கல்லூரிக்கும் பல்கலைக்கழகச் செனட் இல்லத்துக்கும் நடந்த வடிவமைப்புப் போட்டியில் ஜெயித்துச் சென்னையில் காலூன்றியவர். பிறகு சென்னை அரசின் கட்டடக்கலைஞர் ஆனார். அவரை இந்தோ-சாரசனிக் பாணியின் முன்னோடி என்று பாடப்புத்தகம் சொல்லும். அந்தப் பெயர்ச்சீட்டை நான் அவ்வளவாக மதிப்பதில்லை. குவிமாடம் இருந்தால் போதும், கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சீட்டை ஒட்டிவிடுகிறார்கள். சிஷோமின் தனித்தன்மை, அந்தந்த ஊர்க் கொத்தனாரும் தச்சரும் ஏற்கெனவே செய்துகொண்டிருந்ததைக் கூர்ந்து பார்த்ததில் இருக்கிறது. திருவனந்தபுரத்தில் 1880இல் முடிந்த நேப்பியர் அருங்காட்சியகத்தைப் பாருங்கள். மலையாளத்துக் கோயிலும் அரண்மனையும் போட்டிருக்கும் செங்குத்தான சரிவுக் கூரையை எடுத்து, மேல்நாட்டுத் திட்டத்தில் அமைந்த கட்டடத்தின் தலையில் வைத்தார். பெருமழை பெய்கிற ஊருக்கு அது சரியான கூரை. அடுத்து 1884இல் சென்னைக் கடற்கரைச் சாலையில் தலைமை அஞ்சலகத்தைத் திறந்தபோது, அதன் கோபுரங்களிலும் அதே திருவிதாங்கூர்க் குல்லாய். மூன்றாவதாக விக்டோரியா மண்டபத்துச் சதுரக் கோபுரத்தின் மேலும் அதே கூரை ஏறி உட்கார்ந்தது. சென்னையின் மழைக்கு அவ்வளவு சரிவு தேவையே இல்லை. தேவைக்காகப் பிறந்த உறுப்பு பத்தே ஆண்டில் அலங்காரமாகிவிட்டது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. அந்தக் கோபுரத்தில் எனக்குப் பிடித்த பகுதியே அந்தக் கூரைதான்.

கீழே வருவோம். கட்டடத்தின் உடல் நீண்ட சதுரம். தரையில் ஒரு கூடம், மாடியில் ஒரு கூடம். ஒவ்வொன்றிலும் 600 பேர் உட்காரலாம். கிழக்குப் பக்கம் மரத்தாலான மேல்மாடம், அதில் இன்னும் இருநூறு சொச்சம் பேர். வடக்கிலும் தெற்கிலும் வளைவுகள் வரிசையாக ஓடும் தாழ்வாரங்கள். தெற்குத் தாழ்வாரம் வெறும் அழகுக்கு வைத்ததல்ல. சென்னையில் வெயில் சுவரைத் தாக்கும் முன் தடுக்க வேண்டும், மழைச்சாரல் உள்ளே வராமல் கதவைத் திறந்து வைக்கவும் வேண்டும். இரண்டையும் தாழ்வார நிழலால் சாதித்திருக்கிறார்கள். மின்விசிறி இல்லாத காலத்தில் அறுநூறு பேரை ஒரு கூடத்தில் அடைத்து இரண்டு மணி நேரம் பேச்சுக் கேட்க வைப்பதென்றால், காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போய்த்தான் ஆக வேண்டும்.

மாணவர்கள் அந்தத் தாழ்வாரத்தில் நின்று சுவரைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். செங்கல் பூச்சில்லாமல் வெளியே தெரிகிறது. அதற்கு முந்திய தலைமுறைச் சென்னைக் கட்டடங்களில் செங்கல்லைக் காட்டவே மாட்டார்கள். கிளிஞ்சல் சுண்ணாம்பை அரைத்து, முட்டை வெள்ளையும் சேர்த்துப் பூசி, பளிங்கு மாதிரி தேய்த்துவிடுவார்கள். மெட்ராஸ் சுண்ணாம்புப் பூச்சு உலகப் புகழ் பெற்றது. பூச்சு இருந்தால் உள்ளே கோணல்மாணலாக அடுக்கினாலும் யாருக்கும் தெரியாது. சிஷோம், இர்வின் தலைமுறை பூச்சை உரித்துவிட்டது. உடனே கொத்தனாரின் ஒவ்வொரு வரியும் அம்பலத்துக்கு வந்தது. வளைவுக்குச் செங்கல்லை ஆப்பு வடிவத்தில் தேய்க்க வேண்டும். இரண்டு கல்லுக்கு நடுவே சாந்து ஒரே கனத்தில் போக வேண்டும். மூலையில் வரி பிசகக் கூடாது. கோபுரத்தின் உச்சிக்குக் கீழே சுடுமண்ணில் ஒரு பட்டை ஓடும், அரபு எழுத்தின் வளைவு நெளிவு போல. தரையிலிருந்து அதைச் சரியாகப் பார்க்க முடியாது. பார்வைக்கு எட்டாத உயரத்தில் அவ்வளவு நுணுக்கம் எதற்கு என்று கேட்டால், கட்டியவர்கள் பணத்தைப் பற்றி அவ்வளவாகக் கவலைப்படவில்லை என்பதுதான் என் பதில். அந்தத் தாராளம் பின்னால் வேறு விதமாகக் கணக்குக் கேட்டது.

இனி, உள்ளே என்ன நடந்தது?

1897 பிப்ரவரியில் மேல்நாட்டிலிருந்து திரும்பிய விவேகானந்தருக்கு இந்த மண்டபத்தில் வரவேற்பு ஏற்பாடாகியிருந்தது. மேடை, வரவேற்புப் பத்திரம், ஏற்புரை, எல்லாம் ஆங்கில முறைப்படி. உள்ளே இடம் கிடைத்தவர்களைவிட வெளியே நின்ற கூட்டம் பல மடங்கு. வெளியே வாருங்கள் என்று சத்தம். சுவாமி வெளியே வந்தார். அங்கிருந்த கோச்சு வண்டிமீது ஏறி நின்றார். ஆங்கில பாணியில் பேசலாம் என்று திட்டமிட்டோம், ஆண்டவன் கீதை பாணியில் தேரிலிருந்து பேச வைத்துவிட்டான் என்ற பொருளில் ஏதோ சொல்லிச் சிரிக்க வைத்தார். இரைச்சலில் அதற்கு மேல் அதிகம் பேச முடியவில்லை. இரண்டு நாள் கழித்து உள்ளே ஒழுங்காக ஒரு சொற்பொழிவு நடந்தது. அதை எல்லாரும் மேற்கோள் காட்டுகிறார்கள். எனக்கு அந்த வண்டிப் பேச்சுதான் முக்கியம். ஊருக்காகக் கட்டிய மண்டபத்தின் கொள்ளளவு 600, ஊரின் கொள்ளளவு வேறு என்பது அன்று மாலை தெரிந்துவிட்டது. ஆங்கிலம் தெரிந்தவர், சட்டை போட்டவர், நாற்காலியில் உட்காரப் பழகியவர்: இவர்களுக்கான பொது மண்டபமாகத்தான் அது தொடங்கியது. அரசியல் கடற்கரை மணலுக்குப் போனபோது மற்றவர்களும் கேட்க முடிந்தது.

1915 ஏப்ரலில் காந்தி மறுபடி வந்தார். இந்தத் தடவை கஸ்தூரிபாவும் கூட. இந்தியத் தென்னாப்பிரிக்கச் சங்கம் இங்கே வரவேற்புக் கொடுத்தது, சர் எஸ். சுப்பிரமணிய ஐயர் தலைமை. புகழ்மாலை முடிந்து காந்தி எழுந்தபோது, அவருடைய பேச்சு நாகப்பன், நாராயணசாமி, வள்ளியம்மை பக்கம் திரும்பியது. சத்தியாகிரகத்தில் உயிர்விட்ட தமிழ் இளைஞர்கள். எங்களுக்கே இவ்வளவு புகழ்ச்சி என்றால் அவர்களைப் புகழ எந்த மொழியைத் தேடுவீர்கள் என்று கேட்டார். கோட்டும் தலைப்பாகையுமாக உட்கார்ந்திருந்த அந்தச் சபையில், ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறியவர்களின் பிள்ளைகள் பெயர் சொல்லி நினைக்கப்பட்டார்கள்.

சொற்பொழிவுகளைவிட அதிகமாக அந்த மண்டபத்தை உயிரோடு வைத்திருந்தது நாடகம். 1891இல் பல்லாரியிலிருந்து கிருஷ்ணமாச்சார்லுவின் சரச வினோதினி சபை சென்னைக்கு வந்து தெலுங்கு நாடகங்கள் போட்டது. பார்த்தவர்களில் ஒருவர் பம்மல் சம்பந்தம் என்ற கல்லூரி மாணவர். நாடகம் என்றாலே முகம் சுளித்துக்கொண்டிருந்தவருக்கு அதில் வேறொன்று தெரிந்தது: வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் வேஷம் கட்டி ஆடுகிறார்கள், கௌரவம் குறையவில்லை. அதே ஆண்டு ஜூலை 1 அன்று நண்பர்களோடு சுகுண விலாச சபையைத் தொடங்கினார். அந்தச் சபையின் வீடாகவே விக்டோரியா மண்டபம் பல ஆண்டுகள் இருந்தது. 'மனோகரா' உட்படச் சம்பந்த முதலியாரின் நாடகங்கள் பலவற்றை இந்த ஊர் பார்த்தது அங்கேதான். பெண் வேஷத்தில் ரங்கவடிவேலு வந்தால் கூட்டம் அடங்கிப்போகும் என்பார்கள். பின்னாளில் காங்கிரஸ் தலைவரான சத்தியமூர்த்தி அந்தச் சபையில் வேஷம் கட்டியவர். சட்டசபையில் அவர் குரல் ஏறி இறங்கியதை ரசித்தவர்கள், அந்தக் குரல் எங்கே பழகியது என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும்.

இந்தச் சபை கொண்டுவந்த பெரிய மாற்றம் கடிகாரம் என்று நான் சொல்வேன். விடிய விடிய நடக்கிற கூத்துக்கும் கம்பெனி நாடகத்துக்கும் பழகிய ஊரில், மறுநாள் காலை கோர்ட்டுக்கும் ஆபீசுக்கும் போகிற நடிகர்கள், மறுநாள் காலை கோர்ட்டுக்கும் ஆபீசுக்கும் போகிற பார்வையாளர்கள். குறித்த நேரத்தில் தொடங்கி, குறித்த நேரத்தில் முடித்தாக வேண்டும். டிக்கெட், எண் போட்ட நாற்காலி, இடைவேளை, மணியடித்துத் திரை தூக்குவது என்று இன்றைய டிசம்பர் சீசன் சபாக்காரர்கள் பிறப்புரிமையாக நினைக்கிற பழக்கங்கள் பலவும் இப்படிப்பட்ட மண்டபங்களில்தான் சென்னைக்கு அறிமுகமாயின.

சினிமாவும் இங்கே தலைகாட்டியது. 1890களின் கடைசியில் மெட்ராஸ் போட்டோகிராபிக் ஸ்டோர் உரிமையாளர் டி. ஸ்டீவன்சன் சில நிமிடமே ஓடும் குறும்படங்களை இந்த மண்டபத்தில் காட்டினார். தென்னிந்தியாவின் ஆரம்பகாலத் திரையிடல்களில் அது ஒன்று. நாடகத்தை வளர்த்த கூரைக்கு அடியிலேயே நாடகத்தை விழுங்கப்போகிற பிராணியும் முதல் முறை வாலாட்டியது.

பக்கத்து வெள்ளை மாளிகைக்கு வருகிறேன். மாநகராட்சி அதுவரை ஜார்ஜ் டவுனில் எர்ரபாலு செட்டி தெருவில் இருந்தது. 1909 டிசம்பரில் மின்டோ பிரபு புதுக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டினார், 1913இல் திறப்பு. வடிவமைப்பு ஜி.எஸ்.டி. ஹாரிஸ், ஒப்பந்தம் லோகநாத முதலியார், செலவு ஏழரை லட்சம். நீளம் 252 அடி, கோபுரம் 132 அடி, அதில் எட்டடி விட்டத்தில் கடிகாரம். சிஷோமின் சிவப்பை விட்டுவிட்டு ஹாரிஸ் பழையபடி வெள்ளைப் பூச்சுக்குத் திரும்பிவிட்டார். ரோமானியத் தூண், முக்கோண முகப்பு, ஒழுங்கு, பிரமாண்டம். திறமையான கட்டடம். என்னை அது அதிகம் பேச வைப்பதில்லை.

ஆனால் அதற்கு ஒருநாளும் கேட்பாரற்ற நிலை வந்ததில்லை. காரணம் எளிது. அங்கே கமிஷனர் உட்காருகிறார், மேயர் உட்காருகிறார். மழையில் ஒழுகினால் அவர்கள் மேசையில்தான் ஒழுகும். வருஷா வருஷம் பட்ஜெட்டில் பராமரிப்புக்கு ஒரு தலைப்பு இருக்கும். பக்கத்துச் சிவப்பு மண்டபத்தில் யார் மேசையும் கிடையாது. அது டிரஸ்டிகளின் பொறுப்பாக இருந்தது. கட்டுவதற்கு மகாராஜாக்கள் கொடுத்தார்கள். கல்வெட்டில் பெயர் வரும் என்றால் கொடுக்க ஆள் உண்டு. ஓட்டை ஓடு மாற்றவும் மரச்சட்டத்துக்குக் கரையான் மருந்து அடிக்கவும் பெயர் போட்டுக் கொடுக்க எந்த மகாராஜா வருவார்? வாடகைதான் வருமானம். நாடகச் சபை வேறு இடத்துக்குப் போனது, சினிமாவுக்குத் தனித் தியேட்டர்கள் வந்தன, கூட்டம் நடத்த ஊரெங்கும் மண்டபங்கள் முளைத்தன. மைதானத்தில் கடைகளும் ஓட்டலும் வந்து மண்டபத்தின் முகத்தை மறைத்தன. குத்தகை 1980களில் முடிந்தது, இழுபறி தொடங்கியது. அதே பத்தாண்டில், 1985 மே மாதம், அண்டை வீட்டுச் சிவப்புக்காரனான மூர் மார்க்கெட் எரிந்துபோனது. இந்த மண்டபம் எரியவில்லை. பூட்டிக் கிடந்தது. கட்டடத்துக்கு அதுவும் ஒரு விதமான தீதான், மெதுவாக எரிகிறது.

பச்சையப்பன் மண்டபத்தின் பின்னால் முதல் இருந்தது. விக்டோரியா மண்டபத்தின் பின்னால் நல்லெண்ணம் இருந்தது. இந்த வேறுபாட்டை அறக்கட்டளைக்காரர்களாகிய உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

2023இல் சிங்காரச் சென்னை 2.0 திட்டத்தில் மாநகராட்சி சுமார் 32 கோடியே 62 லட்சம் ரூபாய் மதிப்பில் புனரமைப்பை எடுத்துக்கொண்டது. நல்ல காரியம், தாமதமான காரியம். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்களைத் தேடிப் பிடிக்க வேண்டிய காலத்தில் இதைச் செய்வது லேசானதும் அல்ல. நூறாண்டுச் செங்கல்லில் சிமெண்டைப் பூசினால் உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லாமல் செங்கல்லையே பொடியாக்கும். பழைய சுவர் மூச்சுவிடச் சுண்ணாம்புதான் வேண்டும். இந்தப் பாடத்தைப் படிக்கச் சென்னை பல கட்டடங்களைப் பலி கொடுத்திருக்கிறது.

மாநகராட்சியிடம் நான் கேட்பது இரண்டு. ஒன்று, பராமரிப்புக்குத் தனி நிதி: வாடகை வந்தாலும் வராவிட்டாலும் ஆண்டுதோறும் கூரையில் ஆள் ஏறிப் பார்க்க வழிசெய்கிற, வேறெதற்கும் தொட முடியாத முதல். இரண்டு, மாடிக் கூடத்தை மாதத்தில் சில மாலைகளாவது அமெச்சூர் நாடகக் குழுக்களுக்குக் கட்டுப்படியாகிற வாடகைக்கு விட வேண்டும். இன்று ஒரு இளைஞர் குழு சென்னையில் நாடகம் போட நினைத்தால், அரங்க வாடகையைக் கேட்டதுமே பாதிப் பேர் கழன்றுவிடுகிறார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் பழைய புகைப்படங்களை வைத்துக் காட்சிக்கூடம் என்று பலகை மாட்டுவது சுலபம். நாடகத்துக்குப் பழகிய கூடத்துக்கு அது போதாது.

மாணவர்களிடம் கேட்பது ஒன்று உண்டு. சுகுண விலாச சபை அச்சடித்த நாடக நோட்டீசுகளும், உறுப்பினர் ரசீதுகளும், வேஷத்தோடு எடுத்த குழுப் படங்களும் மயிலாப்பூரிலும் கோமளீஸ்வரன்பேட்டையிலும் புரசைவாக்கத்திலும் பரண்மேல் இருக்க வேண்டும். அந்தக் குடும்பங்கள் வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டக் கொடுக்கும்போது முதலில் எடைக்குப் போவது அந்தப் பரண்தான். கைப்பேசியில் படம் எடுக்க ஐந்து நிமிடம் போதும். நாடகத்தின் பெயர், தேதி, டிக்கெட் விலை, வேஷதாரிகளின் பெயர் என்று ஒரு பட்டியல் போட ஆரம்பியுங்கள். டிக்கெட் விலையை மட்டும் தவறாமல் குறித்துக்கொள்ளுங்கள். அந்த மண்டபத்துக்குள் யாரால் நுழைய முடிந்தது என்று எனக்குத் தெரிய வேண்டும்.